கண்மாயிலிருந்து படகை டிரெய்லரில் ஏற்ற இரண்டு பேர் போதும்

மீன்பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவரானாலும் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரரானாலும், சிறிய ஃபைபர் படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் பாடு ஒன்றுதான். தண்ணீரில் இறக்குவது நொடி வேலை. திரும்ப ஏற்றும்போது கரையில் மாடு மேய்ப்பவர் முதல் குளிக்க வந்தவர் வரை அத்தனை பேரையும் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் தள்ள, படகு கோணலாக ஏறி ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். இறக்கி மறுபடியும் தள்ளுவார்கள்.

உண்மையில் படகின் எடை இதற்குக் காரணமில்லை. 150 கிலோ படகை 10 டிகிரி சரிவில் மேலே இழுக்க, சரிவுக்காக மட்டும் வேண்டிய விசை 26 கிலோ எடையைத் தூக்கும் அளவுதான். அதற்கு மேல் வேண்டியிருப்பதை உராய்வும் கோணலும் தின்கின்றன. ஆகவே பெரிய விஞ்ச் (படகைச் சுற்றி இழுக்கும் கருவி) வாங்கும் யோசனையை ஒத்திவைத்துவிட்டு, இந்த இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள்.

வழிகாட்டிக் கம்பங்கள்

செலவு குறைவு, பலன் அதிகம் என்பதால் இதிலிருந்து தொடங்குங்கள். டிரெய்லரின் பின்கோடியில் இடமும் வலமும் ஒவ்வொரு கம்பம். ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை ‘எல்’ வடிவில் வளைத்துத் தரச் சொல்லுங்கள். மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கத்துப் பட்டறைகளுக்கு இதெல்லாம் பெரிய வேலையில்லை. கிடையான கையைச் சட்டத்தோடு யு-போல்ட் போட்டு முடுக்குங்கள். பட்டறைக்காரர் வெல்டிங் வைத்துவிடலாம் என்பார், வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு கருகி, முதல் துரு அங்கேதான் பிடிக்கும். பிறகு இடைவெளியை மாற்ற நினைத்தாலும் முடியாது.

நிமிர்ந்து நிற்கும் பைப்பின் மேல் 63 மி.மீ. பிவிசி குழாயைச் சும்மா மாட்டி, தலையில் மூடி போடுங்கள். ஒட்டக் கூடாது, அது தளர்வாகச் சுழல வேண்டும். படகின் ஓரம் பட்டதும் குழாய் கடகடவென்று உருளும், அணியம் (படகின் முன்முனை) தானாகவே நடுவுக்குத் திரும்பும், ஃபைபரிலும் கீறல் விழாது. படகின் அகலமான இடத்தை அளந்து, இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் விட்டால் சரியாக இருக்கும். உயரம் மூன்றரை, நான்கு அடி இருக்கட்டும். டிரெய்லர் தண்ணீருக்குள் மறைந்த பிறகும் அதன் வால் எங்கே இருக்கிறது என்பதை ஓட்டுநருக்குக் காட்டப்போவது இந்த இரண்டு வெள்ளைக் கம்பங்கள்தான்.

ஆனி, ஆடி மேல்காற்றில் இவற்றின் அருமை தெரியும். கம்பம் இல்லாத டிரெய்லரில் பாதி ஏறிய படகின் அமரத்தை (பின்முனையை) காற்று ஒரே தள்ளில் திருப்பிவிடும்.

படுக்கைக் கட்டைகள்

படகு உட்காரும் இரண்டு நீளக் கட்டைகளில் பழைய டயர் ரப்பரை அடித்திருந்தால் இன்றே பிய்த்தெறியுங்கள். ரப்பர் வழுக்காது, பிடித்து நிறுத்தும். நமக்கு வேண்டியது நேர் எதிரானது. வெளிப்புறத்தில் போடும் செயற்கை நூல் கார்ப்பெட் நல்லது. கட்டையைச் சுற்றி இழுத்து, ஆணிகளைப் பக்கவாட்டிலும் அடியிலும் மட்டும் அடியுங்கள். மேற்புறத்தில் ஓர் ஆணித்தலை எட்டிப்பார்த்தாலும் படகின் அடியில் கோடு விழும்.

இதைவிட வழுக்கலாக வேண்டுமானால், ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் கருப்பு எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) குழாயின் துண்டை நீளவாக்கில் அறுத்துப் பட்டைகளாக்கி, கட்டையின் மேல் திருகுங்கள். திருகுத் தலைகள் பட்டைக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: இப்படிச் செய்த டிரெய்லரில், இறக்கும்போது தண்ணீரைத் தொடும்வரை விஞ்ச் பட்டையைக் கழற்றக் கூடாது. கழற்றினால் படகு சரிவிலேயே நழுவி விழும்.

பின்சட்டத்தின் நடுவில், ஏரா (படகின் அடியில் நடுவே ஓடும் முதுகுக்கட்டை) வந்து முட்டும் இடத்தில், ஒரு நைலான் ரோலர் போட்டுவிடுங்கள். படகின் முதல் பாரத்தை அதுதான் வாங்குகிறது.

விஞ்சைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையால் சுற்றும் சாதாரண விஞ்ச் போதும். கம்பிக் கயிற்றைவிடப் பாலியெஸ்டர் பட்டை நல்லது, கையைக் கிழிக்காது. முகப்பு ரோலர் அணியத்து வளையத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி வையுங்கள்.

கண்மாய்க் கரையில்

நம் கண்மாய்களில் கான்கிரீட் சாய்தளம் கிடையாது, களிமண்தான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கரையை ஒட்டி நிற்கும்போது சிரமமில்லை. மாசியில் நீர் உள்வாங்கிய பிறகுதான் சோதனை: நடுவில் முழங்கால் சேறு, அதில் ஜீப்பை இறக்கினால் படகோடு ஜீப்பையும் மீட்க வேண்டியிருக்கும். மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் தடத்தில் சரிவு நிதானமாக இருக்கும், ஆனால் மண் குழைந்து கிடக்கும். சரளை தட்டுப்படும் இடத்தைக் காலால் மிதித்துத் தேடுங்கள். தண்ணீர் திறந்துவிட்ட மடைக்கு அருகிலும், மறுகால் பாயும் (உபரிநீர் வழிந்தோடும்) கலுங்குப் பக்கமும் போகவே வேண்டாம்.

வண்டியைக் கெட்டித் தரையிலேயே நிறுத்துங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகு டிரெய்லரைக் கழற்றி, உறுதியான நீளக் கயிற்றால் வண்டியோடு கட்டி, கையால் தண்ணீருக்குள் இறக்குங்கள். டிரெய்லர் சக்கரங்களுக்கு அடியில் பலகையோ, இரண்டாக மடித்த சாக்கோ போட்டால் புதையாது. விளக்கு ஒயரை அதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். தூரத்திலிருந்து ஓட்டி வந்திருந்தால் சக்கரக் குடம் ஆறட்டும். சூடான குடம் சட்டென்று குளிரும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சும், பேரிங் கெட்டுப்போகும்.

எவ்வளவு ஆழம்? புதியவர்கள் பெரும்பாலும் அதிகமாக இறக்கிவிடுகிறார்கள். அப்போது படகு கட்டையில் உட்காராமல் மிதந்து அலையும், வெளியே இழுத்ததும் கோணலாகப் படியும். கட்டைகளின் பின்பாதி நீருக்குள்ளும் முன்பாதி வெளியிலும் இருந்தால் போதும். முன்பாதியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி நனைத்துவிடுங்கள்.

இனி ஒருவர் அணியத்தைக் கம்பங்களுக்கு நடுவே காட்டி, பட்டையின் கொக்கியை மாட்டட்டும். மற்றவர் விஞ்சைச் சுற்றட்டும். பட்டை விறைத்ததும் அணியத்தைப் பிடித்திருந்தவர் பக்கவாட்டில் விலகிவிட வேண்டும். படகுக்குப் பின்னால் எக்காரணம் கொண்டும் யாரும் நிற்கக் கூடாது. அணியம் முகப்பு ரோலரில் முட்டியதும் விஞ்சின் பல் பூட்டைப் போட்டுவிட்டு, பிறகு வண்டியால் கயிற்றை மெதுவாக இழுங்கள்.

மேட்டுக்கு வந்து டிரெய்லரை மாட்டியதும், படகுக்குள் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு அமரத்தைத் தனிப் பட்டையால் சட்டத்தோடு கட்டுங்கள்; விஞ்ச் பட்டையை மட்டும் நம்பி நான்குவழிச் சாலையில் ஏற வேண்டாம். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வண்டியின் இழுவைக் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும், இல்லையென்றால் டிரெய்லர் வாலாட்டும். நனைந்த வலைகளை முன்பக்கம் நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கிளம்புமுன் டயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். நம் கண்மாய்க் கரைகளில் சீமைக்கருவேல முள் குத்தாத டயர் அபூர்வம். ஸ்டெப்னி இல்லாமல் போகாதீர்கள்.