குளிர்ல குருவிக்கு தீனி வைக்கிறோம்னு நாம பண்ற தப்புங்க

தோட்டத்துல பறவைக்கு தீனி வைக்க ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கேக்குறது என்ன போடணும்னுதான், நேத்து போட்டதுல மிச்சம் என்னாச்சுன்னு யாரும் கேக்குறதே இல்ல. எனக்கே அது லேட்டாதான் உறைச்சுது. குழாய் மாதிரி தொங்குற ஃபீடர் ஒண்ணு வெச்சிருந்தேன், மேல குறைய குறைய புது விதைய கொட்டிக்கிட்டே இருந்தேன், ஒரு மாசம் கழிச்சு கழட்டிப் பார்த்தா அடியில நாலு விரல் உயரத்துக்கு விதை ஈரத்துல ஊறி கட்டியாகி, ஒரு பக்கம் வெள்ளையா முளை விட்டு, இன்னொரு பக்கம் கருப்பா பூஞ்சை, கூடவே புளிச்ச நாத்தம் வேற. அதுக்கு சரியா மேல இருக்குற ஓட்டை வழியாதான் குருவிங்க தெனமும் சாப்ட்டுட்டு இருந்துருக்கு.

அதனால என்னைக் கேட்டா முதல் தப்பு, பெரிய தப்பு, இந்த "மேல மேல கொட்டுறது"தான். காட்டுல பறவைங்க அங்கங்க சிதறி இரை தேடும், ஒரே கிளையில அம்பது பறவை வந்து தெனமும் சாப்பிடாது. நாம தட்டு வெச்சதும் எல்லாம் ஒரே இடத்துல நெருக்கியடிச்சு, சாப்பிடுற இடத்துலயே எச்சமும் போடுது. சால்மொனெல்லாங்கிற குடல் நோய்க் கிருமி பரவ இது போதும். 2021ல அமெரிக்காவுல இப்படித்தான் பாட்டுப் பறவைங்க கிட்ட சால்மொனெல்லா பரவி, அது மனுஷங்களுக்கும் தொத்தி, ஃபீடர கொஞ்ச நாள் எடுத்து உள்ள வைங்கன்னு சில மாநிலங்கள்ல சொல்ல வேண்டியதாச்சு. பிரிட்டன்ல 2005ல இருந்து கிரீன்ஃபிஞ்ச்னு ஒரு பச்சைக் குருவிய ஒரு ஒட்டுண்ணி வாட்டி எடுக்குது, தொண்டையில உக்காந்துக்கிட்டு முழுங்கவே விடாது, நோய்ப்பட்டது வாயில எடுத்த விதைய முழுங்க முடியாம எச்சிலோட கீழ போடும், அதை அடுத்தது வந்து எடுக்கும். நாம வெச்ச தட்டுதான் நடுவுல தரகர்.

குளிருக்கு எல்லா பறவையும் இறகை உப்ப வெச்சு பந்து மாதிரி உக்காரும், அது நோய் இல்ல. ஆனா நீங்க கிட்ட போயும் பறக்காம, கண்ணு பாதி மூடி, வாயோரம் ஈரமா ஒரு பறவை தட்டுலயே உக்காந்திருந்தா அது நல்லா இல்லன்னு அர்த்தம். அப்ப "அய்யோ பாவம், இன்னும் கொஞ்சம் போடுவோம்"னுதான் மனசு சொல்லும். போடாதீங்க. ஃபீடர மொத்தமா எடுத்துட்டு ரெண்டு வாரமாவது வைக்காதீங்க, கூட்டம் கலைஞ்சாதான் நோயும் நிக்கும்.

சாதாரணமா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவினா போதும், மழை, ஈரம்னா இன்னும் சீக்கிரம். சோப்புத் தண்ணில தேய்ச்சிட்டு, 9 பங்கு தண்ணிக்கு 1 பங்கு ப்ளீச் கலந்து பத்து நிமிஷம் ஊற வெச்சு, நல்லா அலசி, சொட்டு ஈரம் இல்லாம காய வைங்க. காய வைக்கிறதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க, அந்த ஈரத்துலதான் பூஞ்சை மறுபடி ஆரம்பிக்குது. கிளவுஸ் போட்டுக்கோங்க, சமையல் பாத்திரம் கழுவுற சிங்க்ல மட்டும் ஃபீடர கழுவ வேணாம்.

இப்ப சாப்பாட்டுக்கு வருவோம். பத்து பன்னெண்டு கிராம் எடை உள்ள ஒரு குட்டிப் பறவை கடுங்குளிர்ல ஒரே ராத்திரில தன் எடைல பத்துல ஒரு பங்கு வரைக்கும் இழந்துடும், அதுல பெரும்பங்கு உடம்பு சூட்டுக்காக எரிச்ச கொழுப்பு. அதை அடுத்த நாள் பகல்ல, அதுவும் குளிர்காலத்து குட்டிப் பகல்ல, திரும்ப சேக்கணும். இந்த நேரத்துல பிரெட் போட்டா வயிறு ரொம்பும், சத்து ஒண்ணும் இருக்காது. பிரெட் விஷம்லாம் இல்ல, ஆனா அந்த வயித்துல அதுக்கு இடம் இல்ல, அவ்ளோதான். சூரியகாந்தி விதை, உப்பு போடாத வேர்க்கடலை, கெட்டியான உப்பில்லாத கொழுப்பு, இதுங்கதான் குளிருக்கு வேலைக்கு ஆகும். கடலைல பூஞ்சை வாடை லேசா வந்தாலே தூக்கிப் போட்டுடுங்க, அந்தப் பூஞ்சைல உண்டாகுற அஃப்ளாடாக்சின்ங்கிற விஷம் பறவையோட ஈரலைக் கெடுத்துடும்.

உப்பு கூடவே கூடாது, சிப்ஸ், உப்புக் கடலை, நம்ம தட்டுல மிஞ்சினது எதுவும் வேணாம், அவ்ளோ உப்பை வெளியேத்துற சக்தி இந்தக் குட்டிகளோட கிட்னிக்கு இல்ல. பாலும் வேணாம், செரிக்காது. கறி வறுத்த சட்டில மிஞ்சின எண்ணெய்க் கொழுப்பும் அப்படித்தான், அது கெட்டியாகாம இறகுல ஒட்டிக்கும், ஒட்டின இறகு குளிரையும் தாங்காது, தண்ணியையும் தாங்காது. அப்புறம் பச்சரிசி சாப்பிட்டா வயிறு வெடிச்சிடும்னு ஒரு கதை சுத்துதே, அது சும்மா.

தண்ணிய யாரும் யோசிக்கிறதே இல்ல. எல்லாம் உறைஞ்சு கிடக்குற நாள்ல விதைய விட தண்ணி கிடைக்கிறதுதான் கஷ்டம், குடிக்கவும் வேணும், இறகை சுத்தமா வெச்சுக்க குளிக்கவும் வேணும். உறையாம இருக்கணும்னு உப்போ, கார் இன்ஜின் தண்ணி உறையாம இருக்க ஊத்துற ஆன்டிஃப்ரீஸோ கலக்குறது கொல்றதுக்குச் சமம். ஒரு பிங்பாங் பந்தை மிதக்க விட்டா காத்துக்கு ஆடிக்கிட்டே இருக்கும், லேசான குளிர்னா முழுசா உறையாது. அதுக்கு மேல போனா காலைல வெதுவெதுப்பான தண்ணி மாத்தி ஊத்துங்க, கொதிக்கிறது வேணாம்.

எங்க வைக்கிறதுங்கிறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஜன்னல்ல இருந்து ஒரு மீட்டருக்குள்ள வைங்க, இல்லன்னா பத்து மீட்டர் தள்ளி வைங்க. கிட்ட இருந்தா பறவை வேகம் எடுக்குறதுக்குள்ள கண்ணாடி வந்துடும், முட்டினாலும் பெருசா அடிபடாது. நடுவுல மூணு நாலு மீட்டர்ல வைக்கிறதுதான் ஆபத்து, நாம என்னவோ அங்கதான் வைப்போம், பார்க்க வசதியா இருக்குன்னு. புதர் ஓரமாவும் வேணாம், பூனை பதுங்க அதை விட நல்ல இடம் கிடையாது, ரெண்டு மீட்டராவது இடைவெளி விடுங்க.

ஒரு வாரம் ஊருக்குப் போனா பறவைங்க பட்டினி கிடக்குமேன்னு சிலர் தவிக்கிறாங்க. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல சிக்கடிங்கிற குட்டிப் பறவைய வெச்சு பார்த்ததுல, ஃபீடர் பக்கத்துல இருந்தாலும் அதோட தெனசரி சாப்பாட்டுல அஞ்சுல ஒரு பங்குதான் அங்க இருந்து வந்துச்சு, மீதி அதுவா தேடிக்கிட்டது. சாதாரண நாள்ல நீங்க இல்லன்னாலும் அது சமாளிச்சுக்கும். ஆனா பனி கொட்டி எல்லாம் மூடிக் கிடக்குற வாரத்துல பாதில நிறுத்தாதீங்க, அப்பதான் உங்க தட்டு நிஜமாவே உயிர் காக்கும், பக்கத்து வீட்ல யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க.

நேரம் ரொம்ப சிம்பிள், விடிஞ்சதும் ஒரு தடவை, இருட்டுறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஒரு தடவை. இருட்டினப்புறம் தட்டுல மிச்சம் இருந்தா எலிக்குத்தான் விருந்து, மறுநாள் அந்த அளவுக்கு குறைச்சுப் போடுங்க. கொழுப்பு உருண்டை வலைப் பையில வந்தா அப்படியே தொங்க விட்டுடாதீங்க, வலைல காலு மாட்டிக்கிட்டு தலைகீழா தொங்குற குருவிய ஒரு காலைல கத்தரிக்கோலோட ஓடிப் போய் விடுவிச்சிருக்கேன், பிரிச்சு எடுத்து கம்பிக் கூண்டுல போட அரை நிமிஷம்தான் ஆகும்.