இரண்டு கோள்கள் நெருங்கி வரும்போது வெறுங்கண்ணால் பார்ப்பது எப்படி?

பிரகாசமான இரண்டு கோள்கள் வானத்தில் ஒட்டி நிற்கப் போகின்றன என்று செய்தி வந்தால், பலர் அந்த ஒரு நாள் மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு வாரம் முன்னாலிருந்தே பாருங்கள் என்பேன். கோள்கள் நகர்வதை நம் கண்ணாலேயே பிடித்துவிடலாம், தொலைநோக்கி வேண்டியதில்லை.

படி 1: தேதியும் திசையும்

ஸ்டெல்லேரியம் மாதிரி, வானத்தை வரைபடமாகக் காட்டும் ஒரு செயலியில் உங்கள் ஊரைக் கொடுத்து, தேதியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வெள்ளி, வியாழன் ஜோடிதான் நல்லது. இரண்டுமே இரவு வானில் எந்த நட்சத்திரத்தையும்விடப் பிரகாசமானவை. ஏறக்குறைய 13 மாதத்துக்கு ஒருமுறை நெருங்கும். வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. அதனால் பொழுது சாய்ந்ததும் மேற்கிலோ, விடிவதற்கு முன் கிழக்கிலோ தேடுங்கள்.

படி 2: இடம்

அடிவானம் மறையாத இடமாக இருந்தால் போதும். தெருவிளக்கு வெளிச்சம் இந்த இரண்டையும் ஒன்றும் செய்யாது.

படி 3: விரலால் அளந்து பாருங்கள்

கையை முழுதாக நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 டிகிரி. நடுவிலுள்ள மூன்று விரல்களைச் சேர்த்தால் 5, விரல்களை மடக்கிய முஷ்டி 10. முழுநிலவு வெறும் அரை டிகிரிதான்! நம்பிக்கை வராவிட்டால் சுண்டுவிரலால் நிலவை மறைத்துப் பாருங்கள், முழுசாக மறைந்துவிடும்.

படி 4: தினமும் அதே நேரம், அதே இடம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நெருங்கும் நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, இரண்டுக்கும் நடுவில் அந்த மூன்று விரல்கள் கிட்டத்தட்டப் பொருந்தி நிற்கும். மறுநாள் அதே மூன்று விரல்களை நீட்டினால் ஒரு கோள் விரலுக்குப் பின்னால் போய்விடும். வெள்ளி ஒரே நாளில் ஏறத்தாழ ஒரு சுண்டுவிரல் அகலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு நோட்டில் இரண்டு புள்ளி வைத்து, தேதியும் இடைவெளியும் எழுதுங்கள்.

உண்மையில் அவை நெருங்குவதில்லை, நம் பார்வைக் கோட்டில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வருகின்றன. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் 0.1 டிகிரி இடைவெளியில், நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் நின்றன. அன்றும் அவற்றுக்கு நடுவே 70 கோடி கிலோமீட்டருக்கு மேல் வெற்றுவெளி இருந்தது. அந்த ஜோடி அடுத்து 2040இல்தான் சேரும்.

படி 5: பைனாகுலர் இருந்தால்

10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலம்) போதும். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள், நடுக்கம் நின்றதும் வியாழனுக்குப் பக்கத்தில் ஊசிமுனை மாதிரிச் சில புள்ளிகள் தெரியும். 1610இல் கலிலியோ கண்ட நிலவுகள் அவை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: சூரியன் முழுதாக மறையும்வரை பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது, கண்பார்வை போய்விடும்.

சரி, நெருங்கிய நாள் முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். மாலை வானம் என்றால், அதுவரை கீழே இருந்த வெள்ளி பெரும்பாலும் வியாழனைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியிருக்கும். அதையும் இரண்டு மூன்று நாள் குறித்துவையுங்கள்.