பிரைவேட் ஈக்விட்டி கம்பெனியில் சிஇஓ ஆகப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய கணக்குகள்

பெரிய கார்ப்பரேட்டில் சிஎஃப்ஓவாகவோ (தலைமை நிதி அதிகாரி) பிசினஸ் ஹெட்டாகவோ பல வருடம் இருந்துவிட்டு, பிரைவேட் ஈக்விட்டி, அதாவது கம்பெனிகளை வாங்கி வளர்த்துச் சில வருடத்தில் விற்கும் முதலீட்டு நிறுவனத்தின் கையில் உள்ள கம்பெனியை நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த வழியில் வந்தவன்தான். நிதித் துறையில் ஆரம்பித்து, ஒரு தொழிற்பிரிவை நடத்தி, பிறகு பிரைவேட் ஈக்விட்டி வாங்கிய கம்பெனிக்கு சிஇஓ ஆனேன். இப்போது முதலீட்டாளர்கள் பக்கம் இருந்து சிஇஓக்களைத் தேர்ந்தெடுக்க உதவுகிறேன். நேர்காணலுக்கு வருகிறவர்களில் கெட்டிக்காரர்கள்கூடத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விற்பனை, லாபம், சந்தைப் பங்கு என்று சரளமாகப் பேசுவார்கள். ரொக்கம் எப்போது வரும், கடன் எப்போது திரும்பும் என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

முதலில் உங்கள் முதலாளியின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள் போன்றவற்றிடம் திரட்டிய பணம்தான் ஃபண்டு. அதன் ஆயுள் பெரும்பாலும் 10 ஆண்டு. முதல் பாதியில் வாங்குவார்கள், மறுபாதியில் விற்றுத் திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் வேலை பேசும்போதே, “எந்த ஃபண்டிலிருந்து வாங்கினீர்கள், அதற்கு இது எத்தனையாவது வருடம்?” என்று கேளுங்கள். ஏழாவது வருடம் என்று பதில் வந்தால், ஐந்தாண்டுத் திட்டத்தோடு போய் நிற்காதீர்கள்.

கணக்கு இதுதான். வருடத்துக்கு 100 எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) தரும் கம்பெனியை எட்டு மடங்கு விலையில், அதாவது 800க்கு வாங்குகிறார்கள். அதில் 500 கடன், 300 சொந்த முதல். ஐந்து வருடத்தில் எபிட்டா 140 ஆகிறது, கடன் 250 ஆகக் குறைகிறது. அதே எட்டு மடங்குக்கு விற்றால் 1,120. கடன் போக மீதி 870, போட்ட முதலுக்கு 2.9 மடங்கு. வருட வருமானம் ஏறக்குறைய 24 சதவீதம். இதே பலன் ஏழு வருடம் கழித்து வந்தால் 16 சதவீதம்தான். இரண்டு வருடத் தாமதத்துக்கு இவ்வளவு விலை. போர்டில் உங்களை ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள் என்பது இதைப் பார்த்தால் புரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 570 லாபத்தில் 250 கடன் அடைத்ததால் வந்தது. கடன் அடைவது ரொக்கத்தால். ஆகவே, இப்போதைய வேலையில் இருக்கும்போதே ரொக்கத்தைக் கையாளப் பழகுங்கள். வங்கியோடு கடன் பேசும் கூட்டங்களில் உட்காருங்கள். ஒரு பிரிவை விற்கும் வேலையோ, வாங்கிய கம்பெனியை இணைக்கும் வேலையோ வந்தால், யாரும் விரும்பாவிட்டாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 13 வார ரொக்க அறிக்கையை, அதாவது அடுத்த 13 வாரத்தில் வரும் பணம், போகும் பணம் பற்றிய கணிப்பை, உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் வசூல், சப்ளையர் பாக்கி, சம்பளம், வரி, வட்டி என்று வரிசை. வாரக் கடைசியில் எதிர்பார்த்தது எவ்வளவு, நடந்தது எவ்வளவு. நான் நடத்திய கம்பெனியில் பில் எல்லாம் மாதக் கடைசியில் மொத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. வாடிக்கையாளரின் 45 நாள் தவணையோ பில் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும். சரக்கு கிளம்பிய அன்றே பில் அனுப்ப வைத்தோம். ஒரு புது ஆர்டர்கூட இல்லாமல், சராசரியாக இரண்டு வாரப் பணம் முன்னாலேயே வந்து சேர்ந்தது. லாபநஷ்டக் கணக்கை எத்தனை முறை புரட்டினாலும் இது கண்ணில் பட்டிருக்காது.

இரண்டு உலகத்திலும் நின்றவர்களின் பாதையைப் படியுங்கள். லூ கெர்ஸ்ட்னர் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் தொடங்கி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் உயர்ந்து, 1989இல் கேகேஆர் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் வாங்கிய ஆர்ஜேஆர் நபிஸ்கோ என்ற சிகரெட், உணவுக் கம்பெனிக்குத் தலைமை ஏற்றார். கடன் சுமை மிகுந்த கம்பெனி அது. 1993இல் ஐபிஎம்மின் தலைவர், 2003இல் கார்லைல் என்ற பிரைவேட் ஈக்விட்டி குழுமத்தின் தலைவர். கிறிஸ்டோஃபர் நாஸெட்டாவின் கதை இன்னும் பாடம் தருவது. 2007இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் கடன் உட்பட சுமார் 2,600 கோடி டாலருக்கு ஹில்டன் ஹோட்டல் கம்பெனியை வாங்கி அவரை சிஇஓவாகக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே உலகப் பொருளாதாரம் சரிந்தது. 2010இல் கடனை மறுசீரமைத்தார்கள், 2013 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தார்கள், 2018இல்தான் பிளாக்ஸ்டோன் முழுதாக வெளியேறியது. நல்ல சொத்து கையில் இருந்தும், கடன் கொடுத்தவர்களோடு பேசிக் காலம் வாங்கியதால்தான் அங்கே காத்திருக்க முடிந்தது என்பது என் கருத்து.

இனி ஒப்பந்தம். சம்பளத்துக்கு மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் தங்களுக்குத் தரும் பங்குகள் பற்றிய ஒப்பந்தத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. மேலே சொன்ன 300இல் 270 முன்னுரிமைப் பங்காக, அதாவது விற்கும்போது மற்றவர்களுக்கு முன் பணம் பெறும் பங்காக, வருடம் 10 சதவீதம் கூட்டு வளர்ச்சியோடு இருக்கிறது என்று வையுங்கள். சாதாரணப் பங்கு 30 மட்டுமே. அதில் பத்தில் ஒரு பங்கை நிர்வாகக் குழு 3 கொடுத்து வாங்குகிறது. ஐந்து வருடத்தில் முன்னுரிமைப் பங்கு சுமார் 435 ஆகிவிடும், அது முதலில் போக வேண்டும். 870 வந்தால் மீதி 435, உங்கள் குழுவுக்கு 43க்கு மேல். ஆனால் 450தான் வந்தது என்றால் மீதி 15, உங்களுக்கு 1.5. முதல் ஒன்றரை மடங்கு ஆன கம்பெனியில் நீங்கள் போட்டதில் பாதியை இழப்பீர்கள். “பத்து சதவீதம்” என்று காதில் விழுந்ததும் மகிழ்ந்துவிடாமல், எதற்குப் பிறகு பத்து சதவீதம் என்று கேளுங்கள். மூன்று விற்பனை விலைகளுக்கு இந்தக் கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே ஒரு பதில்.

கம்பெனியின் வக்கீல் உங்கள் வக்கீல் ஆகமாட்டார். சொந்தமாக ஒருவரை வைத்து, வெஸ்ட்டிங் (பங்கு படிப்படியாக உங்களுக்கே சொந்தமாவது) எப்போது முடியும், விற்பனைக்கு முன் உங்களை அனுப்பிவிட்டால் நீங்கள் குட் லீவரா (நல்ல முறையில் விலகியவர்) பேட் லீவரா (தவறால் விலக்கப்பட்டவர்), பேட் லீவர் என்றால் பங்கை எந்த விலைக்குத் திரும்ப எடுப்பார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். இலக்கை எட்டாததே பேட் லீவர் ஆவதற்குப் போதும் என்று இருந்தால், அதை மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேர்ந்த பிறகு, முதல் 100 நாளில் நிறைய அறிவிப்பு வேண்டாம். சிஎஃப்ஓ சரியான ஆளா என்று முதல் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். கடன் ஒப்பந்த நிபந்தனைகளை மீறும் நிலைக்கு இன்னும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். கெட்ட செய்தியை போர்டு கூட்டம் வரை வைத்திருக்காதீர்கள், அன்றே போனில் சொல்லிவிடுங்கள். முதலீட்டாளர்கள் இலக்குத் தவறியதைப் பொறுத்துக்கொள்வார்கள், கடைசியில் கேள்விப்பட்டதைப் பொறுக்க மாட்டார்கள்.

சேர்வதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று பாக்கி. அந்த முதலீட்டு நிறுவனத்தின் கீழ் ஏற்கெனவே சிஇஓவாக இருந்தவர்களைத் தேடிப் பேசுங்கள். அந்த நிறுவனம் கொடுக்கும் பட்டியலில் உள்ளவர்களோடு நிறுத்தாமல், நடுவில் விலக்கப்பட்ட ஒருவரையும் கண்டுபிடித்து, பணம் கடைசியில் எப்படிக் கணக்குத் தீர்ந்தது என்று கேளுங்கள்.