கோடை நாடகம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஊருக்கு ஊர் மேடை எழும். திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து ஒரு பக்கம் நடக்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு ஊர்க்காரர்களே போடும் நாடகம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகை நாடகம் நடிப்பு போதாமல் கெடுவது குறைவு. கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு வசனம் கேட்காமல் போவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது.

அதனால் சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒத்திகை முழுவதையும் வகுப்பறையிலோ மண்டபத்திலோ நடத்துவது பெரிய தவறு. நாலு சுவருக்குள் குரல் திரும்பி வரும், பேசுகிறவருக்குத் தெம்பாக இருக்கும். திறந்த மைதானத்தில் போன குரல் போனதுதான். கடைசி ஒரு வாரமாவது, நாடகம் நடக்கப்போகும் அதே இடத்தில், அதே நேரத்தில் ஒத்திகை பாருங்கள். ஒருவர் மைதானத்தின் கோடியில் நின்றுகொண்டு, கேட்காத வசனத்துக்கெல்லாம் கை தூக்கட்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்றால் லாரி ஹாரனும் சேர்ந்தே வரும், அதற்கும் பழக வேண்டும்.

மைக் ஆளுக்கு ஒன்று கிடைக்காது. இருக்கிற இரண்டு மூன்றை மேடையின் முன்பக்கம் தலைக்கு மேலே தொங்கவிட்டு, நீளமான வசனங்கள் அதன் அடியில் வரும்படி நடையை அமைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் முறை வந்ததும் மைக்கைத் தேடி ஓடுவார்கள், காட்சி அங்கேயே உடைந்துவிடும். சட்டையில் குத்தும் மைக் என்றால் ஜரிகைத் துணியில் குத்தாதீர்கள். உரசல் சத்தம் வசனத்தையே விழுங்கிவிடும். ஸ்பீக்கர் பெட்டிகளை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். பின்னால் வைத்தால் மைக் ஊளையிடும். ஜெனரேட்டர் மேடையிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

பலகை மேடையில் ஔவை கோலை ஊன்றி நடந்தால், ஒவ்வொரு தட்டும் மைக்கில் இடியாக விழும். கோலின் அடியில் பழைய சைக்கிள் டியூபை நாலு விரல் அளவு வெட்டிச் சுற்றிக் கட்டிவிட்டால் தீர்ந்தது. கால் சலங்கை, வாளின் தகரம், பலகை இடுக்கு என்று இப்படி ஒவ்வொன்றையும் மைக் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். மைக் செட் நாடகத்தன்று சாயங்காலம்தான் வரும் என்றால் இதற்கெல்லாம் நேரம் ஏது?

ஔவையைச் சொன்னதும் கதைத் தேர்வு ஞாபகம் வருகிறது. அதியமான் ஆண்ட தகடூர் என்பது இன்றைய தர்மபுரி என்பதால், அதியமானும் ஔவையும் இங்கே அடிக்கடி மேடை ஏறுகிறார்கள். எல்லோரும் எடுப்பது நெல்லிக்கனி காட்சி. அழகான காட்சிதான், ஆனால் ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் வாங்கிக்கொள்கிறார், அதற்குள் முடிந்துவிடுகிறது. புறநானூற்றின் 95-ஆம் பாடலில் வருவது வேறு விதம். அதியமானோடு பகை கொண்ட அரசன் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்த ஔவை, உன் ஆயுதங்கள் மயில் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்பதற்குப் புகழ்ச்சி, உள்ளே குத்தல். தொண்டைமான் முகம் மாறுவதை நடிக்க ஒரு பையன் கிடைத்தால் போதும், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். நாடகத்துக்கு மோதல் வேண்டும், பெருமை மட்டும் போதாது.

வசனத்தை டிவி சீரியல் தமிழில் எழுதுவதும் தவறுதான். சமூக நாடகம் என்றால் நம் பக்கத்துப் பேச்சே வரட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. பாத்திரத்துக்குப் பொருந்தினால் அந்த மொழியிலும் நாலு வரி பேசவிடுங்கள். அந்தப் பிள்ளை அங்கேதான் கூச்சம் விட்டு நடிக்கும்.

தேதி குறிக்கும் முன் நாலு பேரைக் கேளுங்கள். முகூர்த்த நாளில் மைக் செட், பந்தல், ஜெனரேட்டர் மூன்றுமே கல்யாணத்துக்குப் போய்விடும். மா அறுவடை மும்முரமாக இருக்கும் வாரத்தில் காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கம் பெரியவர்கள் ஒத்திகைக்கு வரமாட்டார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் ஒத்திகையே வேண்டாம். பக்கத்து ஊர்ப் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு நடக்கும் இரவில் நாடகம் வைத்தால் உங்கள் வீட்டுக்காரர்கள்கூட அங்கேதான் இருப்பார்கள்.

மே மாதச் சாயங்காலக் காற்றையும் மழையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிளெக்ஸ் பேனரைப் பின்திரையாகக் கட்டினால் காற்று அதைப் பிடித்துச் சட்டத்தோடு இழுத்துவிடும். மூங்கில் தட்டி கட்டுங்கள், காற்று இடுக்கு வழியே போய்விடும். ஆம்ப்ளிஃபயர் மேல் போர்த்தத் தார்ப்பாய் கையோடு இருக்கட்டும். மின்கம்பத்தில் கொக்கி போடுவது கூடவே கூடாது. நனைந்த மேடையில் பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்கிறார்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு முறையாக எழுதிக் கொடுங்கள், அல்லது ஜெனரேட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழைக்கு மாற்றுத் தேதியை நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுவது நல்லது.

அனுமதி விஷயம் சுருக்கம்தான். நாடகப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கச் சொன்ன 1954-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவுகளை 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை போடுகின்றன. பிரமுகர்கள் பேச்சு ஒன்றரை மணி நேரம் போனால் வெட்டுப்படுவது உங்கள் கடைசிக் காட்சிதான். பொன்னாடையை நாடகம் முடிந்த பிறகு போர்த்துங்கள்.

வேஷத்துக்கு முன் பிள்ளையின் கையில் கொஞ்சம் மேக்கப் தடவி அரிப்பு வருகிறதா என்று ஒரு நாள் பாருங்கள். கலைக்கும்போது சோப்பு போட்டுத் தேய்க்காமல் தேங்காய் எண்ணெயில் துடைத்து எடுங்கள்.

நம் ஊர்க் கூத்து வாத்தியார்களை ஒரு நாளாவது ஒத்திகைக்கு அழைக்காமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருக்க, யாருக்கும் முதுகு காட்டிக்கொண்டே நிற்காமல் ஆடுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். வேஷம் கட்டி முடியத் தாமதமானால், கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் கூட்டத்தைக் கட்டிப்போடும் விதம் ஒன்றே போதும், உங்கள் நாடகத்துக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்று புரியும். வெற்றிலை பாக்கு வைத்து, உரிய சன்மானம் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஒரே இரவோடு மூட்டை கட்டிவிடாதீர்கள். முதல் ஆட்டத்தில் பயத்தில் ஓடிய வசனம் இரண்டாம் ஆட்டத்தில்தான் நிதானமாக வரும். தட்டி, துணி, பெட்டி எல்லாம் ஒரு டாடா ஏஸில் அடங்கும் அளவில் முதலிலேயே செய்துகொண்டால், பள்ளி திறப்பதற்குள் பக்கத்து ஊரிலும் ஒரு ஆட்டம் போட்டுவிடலாம்.