நிஞ்ஜா அருங்காட்சியகத்தில் செய்யக் கூடாத தவறுகள்

ஜப்பானின் மியே மாநிலத்தில் இருக்கிறது இகா நிஞ்ஜா அருங்காட்சியகம். ஊரின் பழைய பெயர் உஎனோ என்பதால் பலரும் இகா-உஎனோ என்ற பலகையைக் கண்டதும் இறங்கி நிலையத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். அங்கே இகா ரயில்வேயின் குட்டி வண்டிக்கு மாறி, உஎனோஷி நிலையத்தில் இறங்கினால்தான் நடக்கும் தூரம்.

உள்ளே போனதும் ஷுரிகென் என்ற எறி ஆயுதத்தை வீசும் இடத்தைத் தேடி ஓடாதீர்கள். ஷினோபி என்று அன்று அழைக்கப்பட்ட நிஞ்ஜாக்களின் முதல் வேலை சண்டை போடுவதல்ல. எதிரியின் ஊருக்குள் போய்ச் செய்தி அறிந்து உயிரோடு திரும்புவதுதான்.

நிஞ்ஜா வீட்டைப் பாருங்கள். வெளியே சாதாரணக் குடியானவர் வீடு மாதிரிதான் இருக்கும். வழிகாட்டி சுவரைத் தோளால் தள்ளுவார், சுவர் சுழலும், ஆள் காணாமல் போய்விடுவார். எல்லோரும் போனை உயர்த்திப் படம் எடுப்பதில் இதைத் தவறவிடுகிறார்கள். போனைப் பையில் போட்டுவிட்டு அவர் காலைக் கவனியுங்கள். தரைப்பலகையின் ஓரத்தில் ஒரு மிதி. பலகை எழும்பும், அடியில் வாள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

நிஞ்ஜா என்றாலே தலை முதல் கால் வரை கறுப்பு உடை என்று நம்புவது இன்னொரு பிழை. அது நாடக மேடையும் ஓவியங்களும் தந்த உருவம். நிஜத்தில் துறவி, வியாபாரி, கூத்தாடி வேடத்தில்தான் ஊர் ஊராகப் போனார்கள். கறுப்பு உடையை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் உண்மையையும் சொல்லிவிடுங்கள். தண்ணீர்மேல் நடக்க உதவிய செருப்பு என்று மரவளையத்தைக் காட்டுவார்கள். அதைக் காலில் மாட்டி நடக்க முடியாது; மேலே உட்கார்ந்து மிதந்திருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்வது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கண்ணாடிப் பெட்டிகளை யாரும் நின்று பார்க்காததுதான். ஷினோபி வழியில் எடுத்துப்போன பொருள்கள் ஆறு: முகம் மறைக்கும் பின்னல் தொப்பி, கொக்கிக் கயிறு, கல் எழுதுகோல், மருந்து, தீக்கங்கு வைக்கும் மூங்கில் குழாய், சுமார் 90 செ.மீ. துணி. கத்தி ஒன்றுகூட இல்லை. அந்தத் துணியால் முகத்தை மூடலாம், காயத்தைக் கட்டலாம், கலங்கிய தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாம். 1676-இல் தொகுக்கப்பட்ட பான்சென்ஷூகாய் என்ற நிஞ்ஜா கையேட்டிலும் இப்படிப்பட்ட அறிவு நிறைய இருக்கிறது. இதைப் பார்த்த பிறகு ஷுரிகென் வீசப் போங்கள்.