பழைய ஆல்பத்தில் இருக்கும் போர் விமானத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர் இருந்த வீடுகளில், விமானத்தின் முன்னால் நாலைந்து பேர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். என் சின்னத் தாத்தாவின் ஆல்பத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் கண்டுபிடித்த வழி இது.

1. ஸ்கேன்

மொபைலில் எடுத்தால் போதாது. மேஜை ஸ்கேனரில் 1200 டிபிஐ, கலர் மோடு. படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரியும். படத்தைத் தெளிவாக்கித் தரும் ஏஐ செயலிகள் வேண்டவே வேண்டாம். இல்லாத எழுத்தை அவை வரைந்து வைத்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் போதும்.

2. படம் திரும்பியிருக்கிறதா?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கலாம். நிற்பவர்களின் சட்டையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் அணிந்தவரின் இடப் பக்கத் துணிதான் மேலே வரும்.

3. உருவம்

இறக்கை ஓர் அடுக்கா, இரண்டு அடுக்கா? இன்ஜின் எத்தனை? மூக்கு உருண்டையா, கூரா? சக்கரம் மடங்குமா? இவற்றை எழுதிக்கொண்ட பிறகே இணையத்தில் தேடுங்கள். நேரே படத் தேடலுக்குப் போனால் பிரபலமான விமானங்களே வரிசையாக வந்து கண்ணைக் கட்டிவிடும்.

இறக்கை தலைக்கு மேலே இருந்து, அதை வி வடிவக் கம்பிகள் தாங்கினால், சக்கரத்துக்கு உறையும் இருந்தால் லைசாண்டர் விமானமா என்று பாருங்கள். உருண்டை மூக்கு, தாழ்ந்த இறக்கை, இரண்டு பேர் உட்காரும் நீளக் கண்ணாடிக் கூண்டு என்றால் பலர் ஹார்வர்ட் பயிற்சி விமானம் என்று முடித்துவிடுகிறார்கள். வல்டீ வெஞ்சன்ஸும் அப்படித்தான் இருக்கும், ஆனால் ஆள் பெரிது. அதன் இறக்கை மேலிருந்து பார்த்தால் டபிள்யூ போல மடிந்து தெரியும். சின்னத் தாத்தா நிற்பது இதன் முன்னால்தான். இந்திய விமானப் படையின் 7, 8-ஆம் ஸ்குவாட்ரன்கள் பர்மா போர்முனையில் ஓட்டிய குண்டுவீச்சு விமானம் இது.

4. வட்டச் சின்னம்

எந்த நாட்டு விமானம் என்று காட்ட இறக்கையிலும் உடலிலும் வரைந்திருக்கும் வட்டம். என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்த இடம் இது. அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளுத்தும், மஞ்சள் இருண்டும் விழும். பிரிட்டிஷ் சின்னம் வெளியே நீலம், நடுவே சிவப்பு. இந்தப் பிலிமில் நீல வளையம் மங்கிப்போய் நடுப் பொட்டு மட்டும் கறுப்பாக நிற்கும். ஜப்பானின் சின்னம் ஒற்றைச் சிவப்பு வட்டம் என்பதால், உடனே ஜப்பான் விமானம் என்று தோன்றும்!

எந்தப் பிலிம் என்று எப்படி அறிவது? வானம் வெள்ளையாக வெளுத்து, உதடும் முகமும் வழக்கத்தைவிடக் கறுத்திருந்தால் ஆர்த்தோகுரோமாட்டிக் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். ஜப்பான் விமானம் என்று நினைத்து நம்மவர்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, போரின் நடுவிலேயே இந்தியா, பர்மா பகுதியில் சிவப்பை நீக்கிவிட்டார்கள். நடுப்பகுதி வெளிறி இருந்தால் இதையும் யோசியுங்கள். அசோகச் சக்கரம் இருந்தால் விடுதலைக்குப் பிந்தைய ஓரிரு வருடங்கள். இன்றைய மூவர்ணச் சின்னம் 1950 முதல். கறுப்பு வெள்ளையில் இதுவும் பிரிட்டிஷ் சின்னம் போலவே தெரியும். சின்னத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

5. எண்

விமானத்தின் வரிசை எண் வாலுக்கு முன்னால், உடற்பகுதியில் இருக்கும். போர்க்காலப் பிரிட்டிஷ் விமானங்களில் பெரும்பாலும் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும். ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் என்றால் அதற்கு முந்தைய வரிசை.

படம் மதுரை வீட்டில் கிடைத்ததால் மதுரையில் எடுத்தது என்று ஆகாது. 1942-இல் மதுரை விமானத் தளத்தைப் பிரிட்டனின் ராயல் விமானப் படை பயன்படுத்தியது உண்மை. ஆனால் படையில் சேர்ந்தவர்கள் கராச்சி, அம்பாலா, பர்மா எல்லை என்று எங்கெங்கோ போனார்கள்.

பின்சேர்க்கை: தேனியிலிருந்து ஒருவர் நான்கு இன்ஜின், இரட்டை வால் கொண்ட விமானப் படத்தை அனுப்பி, "இது உலகப் போர்ப் படம்தானே அண்ணா?" என்று கேட்டிருந்தார். விமானம் லிபரேட்டர், உலகப் போர்க்காலக் குண்டுவீச்சு விமானம்தான், சரி. ஆனால் நம் விமானப் படை அதை 1968 வரை ஓட்டியது. காலத்தைச் சொல்ல, நிற்பவரின் தொப்பிச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கிரீடம் என்றால் குடியரசுக்கு முன், அசோகச் சிங்கம் என்றால் பின்.