ஓடுகிற கிம்ப்பிலேயே படம் திறக்க

கொடைக்கானல் குளிரில் என் ஸ்டூடியோ லேப்டாப்பும் என்னைப் போலத்தான், மெதுவாக எழும். அதனால் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பைக் காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடுவேன்.

லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், படம் இருக்கும் ஃபோல்டருக்குப் போங்கள். சின்ன ஆங்கில எழுத்தில் கிம்ப் (gimp), ஓர் இடைவெளி, ஃபைல் பெயர், என்டர். ஓடிக்கொண்டிருக்கும் கிம்ப்பிலேயே படம் வந்து உட்காரும்.

பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி, புள்ளி, ஜேபிஜி என்று ஒட்டி அடித்தால் அந்த ஃபோல்டரின் ஜேபிஜி அத்தனையும் திறக்கும். 2018 குறிஞ்சிப் படங்களை அப்படித் திறந்துவிட்டு டீ குடித்து வந்தேன்; மெஷின் அசையவே இல்லை! பத்துப் பத்தாகத் திறங்கள்.

பெயருக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லையேல் இரண்டு ஃபைல் என்று எடுத்துக்கொள்ளும். தனியாக இன்னொரு கிம்ப் வேண்டுமா? ஃபைல் பெயருக்கு முன்னால், இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு சின்ன 'என்' (-n).